ஆய்வு நாள் நோயாளி

திண்டிவனம்
9 ஜூன் 2025

சங்கவி,

உறையில் அனுப்புநர் என்று என் அம்மாவின் பெயரைப் போட்டிருக்கிறேன். சூசை மேரி என்று பார்த்தால் ஏதோ மடத்திலிருந்து ஜெபமாலை வந்திருக்கிறது என்று வார்டன் புனிதா நினைத்துக்கொள்வார், பிரிக்க மாட்டார். உங்கள் போன்கள் அந்த இரும்பு பீரோவிலேயே தூங்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வார்டன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க, ஸ்பீக்கரில் உன்னோடு பேச எனக்கு எதுவும் இல்லை.

என்னை ஹாஸ்டலிலிருந்து அனுப்பிய அன்று நீ மொட்டை மாடியில் நின்றாய். அப்பா என் பெட்டியைத் தன் ஆட்டோவில் ஏற்றும்போது நிமிர்ந்து பார்த்தேன். துணி காயப்போடுவது போலத் திரும்பிக்கொண்டாய். உன் கையில் துணி இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நர்சிங் கவுன்சிலுக்கு நான் அனுப்பிய மனுவுக்குப் பதில் வந்திருக்கிறது. விசாரிக்க ஒரு அதிகாரி ஜூலையில் நம் பள்ளிக்கு வருகிறாராம். பள்ளி அவர்களுக்கு எழுதியது இதுதான்: ஜெசி தன் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வேண்டுமென்றே ஆய்வாளர்களிடம் ஓடினாள், அது ஒழுங்கு மீறல், அதனால் மூன்றாம் வருடப் பரீட்சை எழுத அனுமதி இல்லை. மூன்று வருட டிப்ளமோ அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது.

நடந்ததை எனக்கு நினைவிருக்கிறபடி எழுதுகிறேன். உனக்கும் இப்படித்தான் நினைவிருக்கிறதா, சொல்.

படுக்கைகள் நிறைந்திருந்தால்தான் பள்ளிக்கு அங்கீகாரம் நீடிக்கும். நம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளை விடப் பூனைகள் அதிகம். அதனால் வழக்கம் போல ஏஜென்ட் தேவா காலையிலேயே வேனில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினான். ஆளுக்கு ஒரு புடவை, மத்தியானம் பிரியாணி. மலர்விழி மேடம் ஒவ்வொரு படுக்கையாகப் போய், நாடகத்துக்கு வேஷம் பிரிப்பது போல நோய் பிரித்தார்.

"உனக்கு ஜுரம். உனக்கு சர்க்கரை."

"எனக்கு சர்க்கரை வாணாம்மா. அப்புறம் பிரியாணிய கம்மியா குடுப்பீங்க."

எல்லோரும் சிரித்தோம். ஜன்னலோரப் படுக்கையில் இருந்த மண்ணாங்கட்டி அம்மாவுக்கு நெஞ்சு வலி கிடைத்தது. "ஐயா வந்து கேட்டா நெஞ்ச புடிச்சிக்கினு வலிக்குதுங்கன்னு சொல்லணும், இன்னா?" என்று மேடம் சொல்லிக்கொடுத்தார். அந்த வரிசை உனக்கும் எனக்கும். மேடம் சொல்லச் சொல்ல நீ கேஸ் ஷீட்டில் பிரஷர் எழுதினாய்.

ஆய்வாளர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். "பாப்பா, நெஞ்ச அடைக்குதும்மா." கை சில்லென்று இருந்தது. நெற்றி முழுக்க வியர்வை. பிரஷர் பார்த்தேன், நீ எழுதியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மேடத்தைக் கூப்பிட்டேன். மேடம் வந்து அவர் தோளைத் தட்டினார்.

"இப்ப வேணாம்மா. ஐயா வந்த பிறகு சொல்லு. நல்லாத்தான் பண்ற."

பக்கத்துப் படுக்கைகள் சிரித்தன. "மேடம், ரொம்ப வேர்க்குது மேடம்" என்றேன். "ஃபேன போடு" என்றார். நீதான் போய் ஃபேனைப் போட்டாய். ஆக, நான் சொன்னதும் உனக்குக் கேட்டது, அவர் சொன்னதும் கேட்டது.

அதற்குள் ஆய்வாளர்கள் வாசலில் பூங்கொத்தோடு நின்றார்கள். நான் ஓடினேன். "சார், இந்த அம்மாவுக்கு மட்டும் நிஜமாவே நெஞ்சு வலி சார்."

மற்றவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்ல நினைக்கவில்லை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது.

ஆம்புலன்சில் அவரை முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் இருக்கிறாரா இல்லையா என்றுகூட யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் மேடத்திடம் முதலில் சொன்னேன். அதை நீ அந்த அதிகாரியிடம் சொல்வாயா?

ஜெசி


விழுப்புரம்
17 ஜூன் 2025

அன்புள்ள ஜெசி,

உன் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். நான்கு முறை பதில் எழுதத் தொடங்கிக் கிழித்துவிட்டேன்.

முதலில் நீ கேட்காமல் கேட்டதற்குப் பதில். மண்ணாங்கட்டி அம்மா உயிரோடு இருக்கிறார். அவருடைய ஊர் எங்கள் முகையூருக்குப் பக்கம்தான். அப்பா போய்ப் பார்த்திருக்கிறார். வேலைக்குப் போவதில்லையாம், வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். விசாரணைக்கு வந்து சொல்வீர்களா என்று அப்பா கேட்டதற்கு, "நான் சொன்னா அத்தினி பொண்ணுங்க படிப்பும் கெட்டுப்பூடுமாமே, தேவா சொன்னான்" என்றாராம்.

நீ எழுதியபடியேதான் எனக்கும் நினைவிருக்கிறது. ஒரு சொல்கூட மாற்ற வேண்டியதில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நீ இங்கே இல்லாததால் சில விஷயங்கள் உனக்குத் தெரியாது. அங்கீகாரம் போனால் நாங்கள் எல்லோரும் எங்கே போவோம் என்று யாருக்கும் தெரியவில்லை. பானுப்ரியாவுக்கு ஊரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு, பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். பரீட்சை இல்லை என்றால் அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறாள். உன் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே அழுகிறாள்.

மலர்விழி மேடத்தைப் பற்றி நீ எழுதியது எல்லாம் உண்மை. ஆனால் எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது ஒரு வாரம் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்தவரும் அவர்தான். தன் அலமாரியிலிருந்து நாவல்களை எடுத்து, செய்தித்தாளில் சுற்றி எனக்குத் தருபவரும் அவர்தான். அவருடைய வேலையும் நிரந்தரமில்லை. ஆய்வு நாளுக்கு முன் நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு என்ன சொன்னது என்பதை நாம் யாரும் கேட்கவில்லை. நான் அவருக்காக வாதாடவில்லை. வாதாடுவது போலத்தான் இருக்கிறது என்றும் தெரிகிறது.

இப்போது வகுப்பில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறார்கள். "ஜெசி ஆசிரியரிடம் எதுவும் தெரிவிக்கவில்லை" என்று ஒரே வாக்கியம். என் முறை வருவதற்கு முன்னால் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. உண்மையில் வரவில்லை. சுடுதண்ணீர் டம்ளரில் தெர்மாமீட்டரை வைத்து எடுத்தேன். ஹாஸ்டல் நோயாளி அறையில் படுத்திருக்கிறேன். இங்கிருந்துதான் எழுதுகிறேன்.

சொல்வேன் என்றும் என்னால் எழுத முடியவில்லை, மாட்டேன் என்றும் எழுத முடியவில்லை. கொஞ்சம் அவகாசம் கொடு.

சங்கவி


திண்டிவனம்
24 ஜூன் 2025

காய்ச்சல்காரி சங்கவிக்கு,

உனக்குத் தேவா புடவை கொடுத்தானா? பிரியாணியாவது கிடைத்ததா?

மூன்று வருடமாகப் படித்ததில் கடைசியில் நீ கற்றுக்கொண்டது படுத்துக்கொள்வது. உன் புத்தகங்களில் எல்லாம் யாராவது ஒருத்தி கடைசி அத்தியாயத்தில் எழுந்து நின்று பேசுவாள் என்று ராத்திரி எல்லாம் எனக்குக் கதை சொல்வாய். நான் தூங்கிப்போனாலும் எழுப்பிச் சொல்வாய்.

அந்த அம்மா பிழைத்ததை அப்பாவிடம் சொன்னேன். ஆட்டோவை ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். மேடத்தின் கஞ்சி எனக்கும் தெரியும். நீ குடித்த பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தவள் நான்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் வேங்கடேசன் டாக்டரின் கிளினிக். நான் பரீட்சை எழுதவில்லை என்று முதலிலேயே சொன்னேன். "இங்க யாரும்மா அதெல்லாம் கேக்கறாங்க? ஊசி போடத் தெரியும்ல? ஜல்தியா வந்து கோட்ட மாட்டிக்க" என்றார். வெள்ளைக் கோட்டு. பொத்தான் எல்லாம் சரியாக இருக்கிறது. ஓமந்தூரிலிருந்தும் இன்னும் உள்ளே இருக்கிற ஊர்களிலிருந்தும் வருகிறவர்கள் "சிஸ்டர், சிஸ்டர்" என்கிறார்கள். ஊசி போடுகிறேன், டிரிப் ஏற்றுகிறேன், மாத்திரை எப்போது சாப்பிடுவது என்று சொல்கிறேன்.

அம்மாவுக்கு மகா சந்தோஷம். "பரீட்ச எழுதலனா இன்னாடி? அதே வேலதான செய்யிற. பேஜாரு வுட்டுச்சின்னு கம்முனு இரு" என்கிறாள். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்கிறாள். அப்பா மட்டும் காலையில் என்னை கிளினிக் வாசலில் இறக்கிவிட்டு, கோட்டைப் பார்க்காமல் வண்டியைத் திருப்புகிறார்.

உனக்கு அவகாசம் வேண்டுமாம். அந்த அம்மா என் கையைப் பிடித்தபோது அவருக்கு எவ்வளவு அவகாசம் இருந்தது?

ஜெசி


விழுப்புரம்
2 ஜூலை 2025

ஜெசி,

இந்த முறை கிழிக்காமல் எழுதுகிறேன், கோபமாக இருப்பதால்.

பொய்க் காய்ச்சலில் படுத்ததற்காக நீ என்னைக் கேலி செய்தது சரி. அதற்கு முன்பே நான் எழுந்துவிட்டேன். ஏன் என்று கேட்டுக்கொள். உடம்பின் சூடு பார்க்கப் பழகுவதற்காக முதல் வருடப் பெண்கள் மூன்று பேரை என்னிடம் அனுப்பினார்கள். மறுபடி டம்ளர், மறுபடி சுடுதண்ணீர். அவர்கள் அதை அப்படியே நம்பினார்கள். அவர்களில் ஒருத்தி, இன்னும் ஊசியைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்கிறவள், சாயங்காலம் முழுவதும் என் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருந்தாள். "அக்கா, குறையவே இல்லையே அக்கா" என்று கேட்டாள். அவ்வளவு நல்ல கவனிப்பை நான் ஒரு பொய்க்கு வாங்கிக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரியே எழுந்து எல்லோரோடும் படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் நீ? அந்தக் கோட்டை எப்படி மாட்டிக்கொண்டாய்?

உன்னிடம் கை நீட்டுகிறவர்கள் நீ தேறியவள் என்று நம்பித்தான் நீட்டுகிறார்கள். நம் வார்டில் படுத்திருந்தவர்களுக்காவது தாங்கள் நடிக்கிறோம் என்று தெரியும். உன் கிளினிக்கில் தெரிந்தவர்கள் நீயும் டாக்டரும் மட்டும்தான். உனக்கு வேலை தெரியும், என்னை விட நன்றாகத் தெரியும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தெரியும் என்று நாமே சொல்லிக்கொண்டால் போதும் என்றால் அங்கீகாரம், பரீட்சை எதுவும் வேண்டாம், தேவாவின் வேன் ஒன்றே போதும். நாளை அந்த அதிகாரி "அந்தப் பெண் இப்போது எங்கே?" என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

நேற்று மேடம் நூலக வாசலில் என்னை நிறுத்தினார்.

"சங்கவி, கையெழுத்துப் போடாதவ நீ ஒருத்திதான்."

"உடம்பு சரியில்ல மேடம்."

"இப்ப சரியாயிடுச்சில்ல? அன்னிக்கி நீ எதையும் கேக்கலதான?"

அவர் என் மௌனத்தைத் தனக்கு வேண்டிய பக்கமாக எடுத்துக்கொண்டு, என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அந்த இடம் ராத்திரி வரை எரிந்தது. அவர் கை கனமாக இல்லை.

கையெழுத்து இன்னும் போடவில்லை. அதைத் தைரியம் என்று எண்ணிக்கொள்ளாதே. எதையும் செய்யாமல் இருப்பது எனக்கு எப்போதும் எளிது. விசாரணை பதினெட்டாம் தேதி.

சங்கவி


திண்டிவனம்
9 ஜூலை 2025

சங்கவி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். அதனால் என்ன, வரி வரியாக நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டாக்டர் ஊசி எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டுவிட்டார். போட்டேன். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு வாங்குகிறது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், பாடத்தில் இருக்கிறது. எந்த மருந்து என்றும் தெரியும். ஆனால் எவ்வளவு? அந்த எடைக்கு எவ்வளவு? திரும்பிப் பார்த்தேன். பின்னால் மாதா காலண்டர் தொங்கியது, வேறு யாரும் இல்லை.

டாக்டருக்குப் போன் போட்டேன், நாதஸ்வரச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு தெருவில் ஓடினேன். அப்பா ஆட்டோ ஸ்டாண்டில்தான் இருந்தார். அரசு மருத்துவமனையில் உடனே பார்த்தார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது. அங்கே ஒரு சிஸ்டர் என் கோட்டைப் பார்த்து, "எந்த பேட்ச்?" என்று கேட்டார். காது கேட்காதவள் மாதிரி நின்றேன்.

நம் வார்டில் நான் கூப்பிட்டபோது மேடம் வந்தார். வந்து தப்பாகச் சொன்னார், ஆனால் கூப்பிட ஒரு ஆள் இருந்தார். இங்கே நான்தான் கடைசி ஆள்.

இன்னும் கோட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. அதையும் உன்னிடம்தான் சொல்ல முடிகிறது.

பதினெட்டாம் தேதி உனக்குத் தோன்றியதைச் சொல். இனி கேட்க மாட்டேன்.

ஜெசி


விழுப்புரம்
20 ஜூலை 2025

அன்புள்ள ஜெசி,

சொல்லிவிட்டேன்.

பள்ளி முதல்வர் அறையில் விசாரணை. வந்தவர் ஒரு அம்மா, வயது ஐம்பது இருக்கும், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். ஓரத்தில் மேடம். அவருக்கு எதிரே என்னை நிற்க வைத்தார்கள். அது நியாயமா என்று அப்போது தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது.

"உக்காரும்மா. நீ ஏன் கையெழுத்துப் போடல?"

"அது உண்மையில்லைங்க."

"எது?"

"ஜெசி முதல்ல மேடம்கிட்டதான் சொன்னா. ரெண்டு வாட்டி சொன்னா. மேடம் ஃபேன் போடச் சொன்னாங்க. நான்தான் போட்டேன்."

"அந்தம்மாவோட பிரஷர் யாரு எழுதுனது?"

"நான்தாங்க. பாக்காம எழுதுனேன். அன்னிக்கி எல்லாருக்கும் அப்படித்தான்."

கடைசி வாக்கியத்தை நான் திட்டமிட்டிருக்கவில்லை. உன்னைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். ஆனால் ஏன் பார்க்காமல் எழுதினேன் என்று சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது என்று அங்கேதான் தெரிந்தது. முதல்வர் எழுந்து, "இந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லாம இருந்துதுங்க, காய்ச்சல்" என்றார். அதிகாரி அவரைப் பார்க்கவே இல்லை. மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"நீங்க இன்னா சொல்றீங்க?"

மேடம் தன் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அவ பொய் சொல்ற பொண்ணு இல்லைங்க" என்றார்.

அவ்வளவுதான். என்னைப் போகச் சொன்னார்கள்.

மறுநாள் மேடம் வரவில்லை. இனி வரமாட்டார் என்கிறார்கள். நானாக எழுதி அனுப்பவும் அவருடைய முகவரி என்னிடம் இல்லை. மூன்று வருடம் அவர் வீட்டுக் கஞ்சியும் புத்தகமும் வந்தன, வீடு எங்கே என்று நான் கேட்டதில்லை. இதை உன்னிடம் சொல்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

முடிவை முந்தாநாள் சாயங்காலமே வாசித்துவிட்டார்கள். அடுத்த வருடம் புதிய மாணவிகளைச் சேர்க்கக் கூடாது. இருக்கிறவர்கள் வேறொரு பள்ளியில் பரீட்சை எழுதலாம், அதனால் பானுப்ரியா எழுதுவாள். எல்லோரும் எழுதுவார்கள். ஆனாலும் யாரும் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டு மேசையில் நான் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிறது. அந்த முதல் வருடப் பெண் மட்டும் எதிரில் வந்து உட்கார்ந்து, ஏதும் பேசாமல், தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டுப் போகிறாள்.

உனக்கான தீர்ப்பு பாதிதான் நல்லது. ஒழுங்கு மீறல் இல்லை என்று நீக்கிவிட்டார்கள். ஆனால் நீ வராமல் போன நாட்களுக்கு ஈடாக திண்டிவனம் அரசு மருத்துவமனையில் வார்டு வேலை பார்க்க வேண்டும். அது முடிந்த பிறகு பிப்ரவரியில்தான் பரீட்சை. எங்களோடு இல்லை. உனக்குத் தபாலில் வரும். அதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அந்தக் கோட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அந்த அதிகாரியும் கேட்கவில்லை.

சங்கவி


திண்டிவனம்
1 ஆகஸ்ட் 2025

சங்கவி,

தபால் வந்தது. பிப்ரவரி என்றால் பிப்ரவரி. அம்மா இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் என் பழைய யூனிஃபார்மை எடுத்து இடுப்பில் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தாள். கிளினிக் ஸ்டூலில் உட்கார்ந்து குண்டாகிவிட்டேனாம்.

நன்றி என்று எழுதினால் நீ அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுவாய். அதனால் பரீட்சை முடிந்ததும் இங்கே வா. உன்னோடு உட்கார்ந்து சாப்பிட இந்த வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். அந்தச் சின்னப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டு எழுது.

இன்று கிளினிக்கில் என் கடைசி நாள். கோட்டைத் துவைத்து, மடித்து, மேசையில் வைத்துவிட்டு டாக்டரிடம் சொன்னேன். "போறவங்கள நான் இன்னா தடுக்கறதா?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே சாப்பிடப் போனார்.

அப்போது தள்ளுவண்டியில் மல்லாட்டை வறுத்து விற்கிற ஒருவர் வந்தார், வயதானவர். நான் இங்கே வேலைக்கு வந்ததிலிருந்து வாரம் ஒரு ஊசி அவருக்கு நான்தான் போடுகிறேன். சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"போடும்மா சிஸ்டர்."

"நான் இன்னும் சிஸ்டர் இல்லீங்க. படிச்சிக்கினு இருக்கேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோட்டு இல்லாததால் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார் போல.

"அப்ப இத்தினி வாரமா நீதானம்மா போட்ட?"

"ஆமாங்க."

அவர் சுருட்டிய சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார். நான் உள்ளே போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்டரைக் கூப்பிட்டேன்.

ஜெசி